ரசிகர் தளத்தில் வருமானம்: பல சீசன் கழித்து எது மிஞ்சியது

ஒரு கால்பந்து அணிக்காக ரசிகர் தளம் நடத்துகிறேன். ஆட்ட அலசல், வீரர்களுக்கு மதிப்பெண், பழைய ஆட்டங்களின் புள்ளிவிவரம், வீரர்கள் அணி மாறும் பருவத்தில் கொஞ்சம் வதந்தி என்று போகும். இதிலிருந்து காசு பார்க்க என்னென்ன வழி சொல்கிறார்களோ, ஒன்றைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் பல சீசன்களாக வைத்துப் பார்த்துவிட்டேன். இந்த மாதிரி அனுபவங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மாதத்தின் கணக்கைத்தான் காட்டுவார்கள். என் அளவுகோல் வேறு. அணி தொடர்ந்து தோற்கும்போது அந்த வழியில் பணம் வருகிறதா? சீசன் முடிந்து ஆட்டமே இல்லாத ஜூனில் வருகிறதா? பெரிய ஆட்டம் நடக்கும் நாளில் எதை வைத்தாலும் ஏதாவது வரத்தான் செய்யும்.

எல்லோரையும் போல நானும் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில்தான் தொடங்கினேன். வைப்பது சுலபம், காசைக் கையில் வாங்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் தபாலில் வரும். 100 டாலர் தாண்டினால்தான் பணம் அனுப்புவார்கள். புதிய தளத்துக்கு அந்த நூறைத் தொடுவதற்கே பல மாதம் ஆகலாம். முன்பெல்லாம் பெரும்பாலும் கிளிக்கை வைத்துக் கணக்கு, விளம்பரதாரர் தருவதில் 68 சதவீதம் நமக்கு. விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதை வைத்துப் பணம் தரும் முறைக்கு மாறுவதாக 2023 இறுதியில் கூகுள் அறிவித்தது. மாறிய பிறகு என் வருமானத்தில் சொல்லும்படி ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

விளையாட்டுத் தளத்துக்கென்று ஒரு விசித்திரம் உண்டு. விளம்பரதாரர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அள்ளிச் செலவு செய்வார்கள், ஜனவரி பிறந்ததும் கையைச் சுருக்கிக்கொள்வார்கள். ஆனால் கால்பந்தில் ஜனவரி என்பது வீரர்களை வாங்கி விற்கும் மாதம். எந்த வதந்தி உண்மை, யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்கக் கூட்டம் அலைமோதும். அதாவது ஆள் அதிகம் வரும் மாதமும் விளம்பரத்துக்கு விலை கிடைக்காத மாதமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஜனவரி கூட்டத்திடம் விளம்பரத்தை நீட்டுவதை விட்டுவிட்டு, நான் வாரந்தோறும் அனுப்பும் மின்மடலில் சேரும்படி கேட்கத் தொடங்கினேன். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஸ்கோர் போட்டுக் கூட்டம் சேர்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தேடினாலே ஸ்கோரும் கோல் அடித்தவர் பெயரும் கூகுளிலேயே மேலே வந்து நிற்கின்றன. யாரும் உள்ளே வருவதில்லை.

ஆட்சென்ஸ் பற்றி இன்னொன்று. ரசிகர்கள் பாசக்காரர்கள். “அண்ணா, உங்களுக்காகத் தினமும் எல்லா விளம்பரத்தையும் ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் தூங்குகிறேன்” என்று ஒரு தம்பி பெருமையாக எழுதியிருந்தார். உடனே கும்பிட்டு நிறுத்தச் சொன்னேன். விளம்பரத்தை அழுத்தச் சொல்லி நாம் கேட்பது நேரடியான விதிமீறல். கேட்காமலே இப்படிப் பாசத்தில் அழுத்தினாலும் அது செல்லாத கிளிக்தான், கணக்கையே முடக்கக்கூடும்.

அஃபிலியேட், அதாவது நம் இணைப்பு வழியாக யாராவது வாங்கினால் கமிஷன் கிடைக்கும் முறை, எனக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அமேசான் திட்டத்தில் சேர்ந்து 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். நம் இணைப்பை அழுத்தியவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் அல்லது கூடையில் போட்டு வைத்தால்தான் கமிஷன். விகிதமும் அவர்கள் கையில். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் பல பிரிவுகளின் கமிஷனை ஒரே அடியாகக் குறைத்தார்கள். அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. தீவிர ரசிகருக்கு ஜெர்சி எங்கே கிடைக்கும் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் நேராக அணியின் சொந்தக் கடைக்குப் போய்விடுவார். புத்தகப் பரிந்துரைகளும் சீசன் தொடக்கத்தில் ஒளிபரப்புச் சந்தா இணைப்புகளும் மட்டும் ஓரளவு ஓடின. எது அஃபிலியேட் இணைப்பு என்பதை அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பல நாடுகளில் விதியே அப்படித்தான், அதோடு ரசிகர்கள் இதை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் வைக்காத அந்த ஒன்று பந்தய நிறுவனங்களின் அஃபிலியேட். பணம் அதிகம் தருவது இதுதான், மின்னஞ்சலில் வாரந்தோறும் கதவைத் தட்டுவதும் இதுதான். இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஆள் ஒருவருக்கு ஒரு தொகை, அல்லது வருவாயில் பங்கு. கேட்க இனிப்பாக இருக்கும் அந்த “வருவாயில் பங்கு” என்பது, நாம் அனுப்பிவைத்த வாசகர் தோற்கும் பணத்தில் நமக்கு ஒரு சதவீதம். அவர் எவ்வளவு தோற்கிறாரோ அவ்வளவு நமக்கு லாபம். அதை வாங்கிக்கொண்டு அடுத்த ஆட்டத்தைப் பற்றி அதே வாசகருக்கு என்ன முகத்தோடு எழுதுவது? வியாபாரமாகப் பார்த்தாலும் நிலையில்லாத வழி. இத்தாலி 2018-ல் சூதாட்ட விளம்பரத்தைத் தடை செய்தது. 2025-26 சீசன் முடிவோடு சட்டையின் முன்பக்கத்தில் பந்தய விளம்பரம் இருக்காது என்று இங்கிலாந்து பிரீமியர் லீக் அணிகள் 2023-ல் ஒப்புக்கொண்டன. இந்தியா 2025-ல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை அவற்றின் விளம்பரத்தோடு சேர்த்துத் தடை செய்தது. ஒரு சட்டம் வந்தால் வருமானம் மொத்தமும் ஒரே நாளில் போய்விடும்.

டி-ஷர்ட் விற்கும் யோசனை எல்லா ரசிகர் தளத்துக்கும் ஒரு கட்டத்தில் வரும். அணியின் சின்னத்தையும் பெயரையும் தொடாதீர்கள். “இது அதிகாரபூர்வமானது அல்ல” என்று எழுதிவைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். லண்டன் அணியான ஆர்சனலின் மைதானத்துக்கு வெளியே பல்லாண்டு கடை போட்டிருந்த மேத்யூ ரீட் என்ற வியாபாரி அப்படித்தான் பலகையே வைத்திருந்தார். அணி தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2003-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அணிக்குச் சாதகமாகவே முடிந்தது. விற்பனைக்கு மட்டும் அல்ல, தளத்தின் பெயருக்கும் இது பொருந்தும். ஆர்சனல் ஃபேன் டிவி என்று யூடியூபில் பெரிதாக வளர்ந்த ரசிகர் சேனல், அணி கேட்டுக்கொண்டதால் 2018-ல் ஏஎஃப்டிவி என்று பெயரைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய சேனலுக்கே அதுதான் நிலை. ஆகவே பெயர் வைக்கும்போதே அணியின் பெயர் இல்லாமல் வைத்துவிடுவது நல்லது.

சொந்தமாக வரைந்தது, ரசிகர்களுக்குள் புழங்கும் நக்கல் வரிகள், இவற்றை அச்சிட்டு விற்றேன். ஆர்டர் வந்தால் மட்டும் அச்சிட்டு அனுப்பும் நிறுவனம் வழியாகப் போனால் சரக்கு தேங்காது. ஆனால் ஒரு சட்டையில் நமக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். பரம எதிரியை வீழ்த்திய வாரம் பறக்கும், அடுத்த வாரமே தூங்கும். தோல்வி வரிசையில் ஒன்றுகூட விற்காது. என் அளவுகோலில் இதற்கு மதிப்பெண் பூஜ்யம், இருந்தாலும் பிடித்திருப்பதால் வைத்திருக்கிறேன்.

புள்ளிவிவரம் பக்கம் போனால் செய்தி நன்றாக இருக்கிறது. ஆட்ட அட்டவணையைப் போட்டதற்கே உரிமக் கட்டணம் கேட்ட காலம் உண்டு. அட்டவணை தயாரிப்பதில் உழைப்பு இருந்தால் மட்டும் போதாது, படைப்பாற்றல் இருந்தால்தான் பதிப்புரிமை என்று, அட்டவணைக்கு உரிமம் விற்ற ஃபுட்பால் டேட்டாகோ நிறுவனத்தின் வழக்கில் 2012-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவிலும் 1997-ல் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்கும் மோட்டோரோலாவுக்கும் இடையிலான வழக்கில், நடக்கும் ஆட்டத்தின் ஸ்கோர் வெறும் தகவல், அதை யாரும் தெரிவிக்கலாம் என்று தீர்ப்பானது. எந்தத் தரவையும் அப்படியே இழுத்துப் போடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் பழைய ஆட்டங்களைப் பார்த்து நாமே தொகுத்ததைத் தட்டிக்கேட்க யாரும் இல்லை. ஜூன் மாதத்திலும் என் தளத்துக்கு ஆள் வருவது இந்தத் தொகுப்புக்காகத்தான். வருகிறவர் சிலரே, ஆனால் உள்ளே வந்தால் நேரம் போவது தெரியாமல் துழாவுவார்கள். சந்தா கட்டுகிறவர்களும் பெரும்பாலும் இவர்களே.

சந்தாதான் என் அளவுகோலில் நின்ற வழி. வாசகர்களிடம் சந்தாவோ அன்பளிப்போ வாங்கித் தரும் தளங்களில், பேட்ரியான் 2025 ஆகஸ்டிலிருந்து புதிதாகச் சேரும் எழுத்தாளர், படைப்பாளிகளின் வருமானத்தில் 10 சதவீதம் எடுக்கிறது, சப்ஸ்டாக்கும் 10. கோ-ஃபையில் ஒரே தடவை தரும் அன்பளிப்புக்குப் பிடித்தம் இல்லை. எல்லாவற்றிலும் அட்டைக் கட்டணம் தனி. ஆர்ஸ்பிளாக் 2002 முதல் ஓடிவரும் ஆர்சனல் ரசிகர் தளம், அவர்களும் பேட்ரியான் வழியாக வாசகர்களிடம் ஆதரவு வாங்குகிறார்கள். யாரிடம் வைப்பது என்பதைவிட, சந்தா கட்டும் மனிதர் எப்போது கட்டுகிறார் என்பதைக் கவனிப்பது முக்கியம். வெற்றி பெற்ற இரவில் யாரும் கட்டுவதில்லை, கொண்டாடப் போய்விடுகிறார்கள். மோசமாகத் தோற்ற மறுநாள், ஏன் தோற்றோம் என்று நீளமாக, கோபமில்லாமல் எழுதும்போதுதான் சேருகிறார்கள். மற்ற எல்லா வழியும் படுத்துவிடும் வாரத்தில் இது மட்டும் ஏறுகிறது.

அப்புறம், சந்தாதாரருக்கு மட்டும் என்று ரகசியச் செய்தி தேடி அலைய வேண்டாம். அவர்கள் எதிர்பார்ப்பது சொன்ன நாளில் சொன்னது வருவதைத்தான். நான் வியாழன்தோறும் ஒரு மின்மடல் அனுப்புகிறேன், அதைத் தவறவிட்டால் மட்டும்தான் புகார் வரும். ஜனவரிக் கூட்டத்தை மின்மடலுக்கு இழுப்பது இதனால்தான். வதந்தி பார்க்க வந்தவர், மூன்று மாதம் கழித்து ஒரு தோல்வியின்போது சந்தாதாரர் ஆகிறார்.

மாதச் சந்தாவாக மட்டும் வைத்தால் சீசன் முடிந்ததும் கணிசமானவர்கள் கழன்றுகொள்வார்கள், அதனால் ஆகஸ்டில் ஆண்டுச் சந்தாவைத் தள்ளுபடியில் கொடுத்து முன்னால் வைக்கிறேன். கழன்றவர்களில் பலர் மனம் மாறிப் போனவர்களும் அல்ல. அட்டையின் காலம் முடிந்து பணம் எடுபடாமல் போயிருக்கும், அவருக்கே தெரியாது. ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினால் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

நேரடி ஸ்பான்சர் அடுத்தபடி. வாசகர்களிலேயே சொந்தத் தொழில் செய்கிறவர் இருப்பார். மின்மடலின் அடியில் ஒரு பெட்டி, முழு சீசனுக்கும் ஒரே தொகை என்று பேசிவிடுங்கள். கிளிக் கணக்கு என்று ஆரம்பித்தால் ஒவ்வொரு தோல்விக்கும் பேரம் நடக்கும். காசு வாங்கிப் போடும் இணைப்புக்கு ஸ்பான்சர்டு என்ற குறியீட்டைச் சேர்க்கும்படி கூகுள் 2019 முதல் சொல்கிறது, சேர்த்துவிடுங்கள். “விருந்தினர் கட்டுரை போடுங்கள், பணம் தருகிறோம்” என்று வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒளித்து இணைப்பு வைக்கத்தான், தேடலில் தளத்தின் பெயர் கெடும்.

தளத்தையே விற்பது கடைசி வழி. தன்னார்வ ரசிகர்கள் 1993-ல் தொடங்கிய கிரிக்கெட் தளமான கிரிக்இன்ஃபோ, 2003-ல் விஸ்டன் கைக்கும் 2007-ல் ஈஎஸ்பிஎன் கைக்கும் போனது. என்னிடமும் ஒருவர் விலை கேட்டார். மாத லாபத்தை எடுத்து இத்தனை மடங்கு என்று பெருக்குவது அவர்கள் முறை. ஆனால் எல்லா லாபத்துக்கும் ஒரே மடங்கு கிடையாது. விளம்பர வருமானத்தை முழுசாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார். சந்தா வருமானத்துக்கு மிகக் குறைவாகத்தான் போட்டார். நீங்கள் எழுதுவதை நிறுத்தினால் சந்தாதாரர்கள் இருக்க மாட்டார்களே என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தளம் இன்னும் என்னிடமே இருக்கிறது, வியாழன் மின்மடலும் போய்க்கொண்டிருக்கிறது.