‘மேக் வாங்குங்க, வைரஸே வராது’ என்று சொல்லும் கடையிடம் ஜாக்கிரதை

கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணிப் பிழைக்கிறவன் நான். திண்டுக்கல்லில் சின்ன ஸ்டூடியோ, இருப்பதே ஒரு கம்ப்யூட்டர்தான். தை முகூர்த்தங்கள் முடிந்த கையோடு அது ஹேங் ஆக ஆரம்பித்தது. தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று பக்கத்திலிருந்த ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். “விண்டோஸ் புதுசா போட்டு, ஆபீஸ், போட்டோஷாப், ஆன்டிவைரஸ் எல்லாம் ஏத்தித் தர்றேண்ணே, 3,500 ஆகும்” என்றார். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அவர் பென்டிரைவைச் சொருகி வேலை பார்த்தபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஓரத்தில் எச்சரிக்கை ஒன்று வந்தது. “அது அப்படித்தாண்ணே கத்தும், ஆக்டிவேட் பண்றப்ப ஆஃப் பண்ணிடணும்” என்று சொல்லி, விண்டோஸோடு வருகிற காவல்காரனான டிஃபெண்டரை அணைத்தார். தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்து விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லித் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. போன் பண்ணினால், வாட்ஸாப்பில் ஒரு லிங்க் அனுப்பி, இதை இறக்கி ஓட்டுங்கண்ணே, சரியாகிடும் என்றார். இறக்கினேன், ஓட்டினேன். விண்டோஸ் அப்டேட் ஆகிறது என்று ஒரு சின்ன ஜன்னல் வந்தது, சரி ஆகட்டும் என்று டீ குடிக்கப் போய்விட்டேன். அது பொய் ஜன்னல். திரும்பி வந்து பார்த்தால் எல்லா போட்டோவின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது, எதுவும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ‘ரீட்மீ’ என்று ஒரு ஃபைல்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை, 490. இதில் தள்ளுபடி வேறு! பேக்கப் எடுக்கிற ஹார்டு டிஸ்க்கையும் சொருகியே வைத்திருந்தேன், அதுவும் போச்சு.

கடைக்கு ஓடினேன். அந்த ஆள் பதறவே இல்லை. “விண்டோஸ்னாலே வைரஸ்தாண்ணே. பேசாம ஆப்பிள் மேக் வாங்கிடுங்க, அதுக்கு வைரஸே வராது. செகண்ட்ஹேண்ட்ல ஒண்ணு இருக்கு, 38,000தான்” என்றார். நானும் முன்பணம் எவ்வளவு என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

காப்பாற்றியது அக்கா மகன். வந்தவுடன் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற இடத்தைத் திறந்து காட்டினான். “மாமா, சி டிரைவ் முழுசையும் பார்க்காதேன்னு எழுதி வச்சிருக்கான் பாருங்க.” அப்டேட்டும் நிறுத்தப்பட்டிருந்தது. அவர் போட்ட ஆன்டிவைரஸும் கிராக்தான், அதாவது பூட்டை உடைத்த திருட்டு நகல். என்னைக் கவிழ்த்தது ‘ஸ்டாப்’ என்று சொல்லப்படுகிற வகை, இந்த மாதிரி கிராக், ஆக்டிவேட்டர் ஃபைல்களோடு வருவதுதான் அதன் வழக்கம். எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் கம்பெனி 2019-இல் பூட்டிய ஃபைலைத் திறக்க இலவசமாக ஒரு டூல் வெளியிட்டது, ஆனால் பழைய வகைகளுக்குத்தான் பெரும்பாலும் அது பலிக்கிறது, எனக்குப் பலிக்கவில்லை.

விண்டோஸுக்குத்தான் வைரஸ் அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை, அதிகம் பேர் வைத்திருப்பது அதைத்தானே, திருடனும் கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தான் வருவான். ஆனால் 2017 மே மாதம் 150 நாடுகளுக்கு மேல் பரவி பிரிட்டன் அரசு மருத்துவமனைகளையே முடக்கிய வான்னாக்ரை வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். என் கம்ப்யூட்டரில் அந்தக் கதவைத்தான் கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மேக் கதைக்கு வருகிறேன். 2012-இல் ஃப்ளாஷ்பேக் என்ற ஒன்று ஆறு லட்சம் மேக்குகளுக்கு மேல் புகுந்தது. ஜாவா என்ற மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு அதன் கம்பெனியான ஆரக்கிள் பிப்ரவரியிலேயே மருந்து கொடுத்தும், ஆப்பிள் அதைத் தன் பயனர்களுக்குத் தர ஏப்ரல் ஆனது. 2016-இல் கீரேஞ்சர் வந்தது, எனக்கு வந்ததைப் போலவே ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கிற ரகம். இதைவிட முக்கியம், அந்த 38,000 ரூபாய் மேக் 2011 மாடல். மேக்கின் சிஸ்டத்தில் ஹை சியரா என்ற பழைய பதிப்புக்கு மேல் அதில் முறைப்படி ஏறாது. ஆப்பிள் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, குரோமின் புதிய பதிப்புகள்கூட 2023-க்குப் பிறகு அதில் வருவதில்லை. வைரஸ் வராத மெஷின் என்று இதைத்தான் என் தலையில் கட்டப் பார்த்தார்.

அப்படியென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போடலாமா என்று பையனிடம் கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் சுவரிலிருந்த சிசிடிவி பெட்டியைக் காட்டி, “அதுக்குள்ள ஓடுறது லினக்ஸ்தான் மாமா, பாஸ்வேர்டு என்ன?” என்றான். அதே கடைக்காரர் மாட்டியதுதான், கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டு அப்படியே இருந்தது. 2016-இல் மிராய் என்ற வைரஸ் இப்படிப் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது, அந்த அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் சில மணி நேரம் தடுமாறியதற்குக் காரணம் அப்படிப் பிடிபட்ட கருவிகளைப் படையாகத் திரட்டி நடத்திய தாக்குதல்தான். அன்றே மாற்றினோம்.

டாலர் எதுவும் கட்டவில்லை. சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்திருக்கிறேன். மெமரி கார்டில் அழிந்த படங்களை மீட்கிற ஃபோட்டோரெக் என்ற டூலை ஓட்டி இரண்டு கல்யாணத்தை மீட்டேன், மூன்றாவதற்குப் பெண் வீட்டாரிடம் போய் நின்று அவர்கள் வாட்ஸாப்பில் வைத்திருந்த மங்கலான படங்களை வாங்கி ஆல்பம் போட்டேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, ஆனால் மீதிப் பணத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. 3,500-ஐத் திருப்பிக் கேட்டதற்கு, லிங்க்கை அழுத்தியது நீங்கள்தானே என்கிறார் கடைக்காரர்.

நேற்று அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், அந்த மேக் இன்னும் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது, இப்போது 32,000-க்கு இறங்கியிருக்கிறது. உங்களிடம் யாராவது இப்படி ஒன்றைக் காட்டினால் எந்த வருஷத்து மாடல் என்று முதலில் கேளுங்கள்.