'பார்க்கிறேன்' என்ற சொல்லும் நான்கு ஆண்டுகளாக நான் வைத்திருக்கும் ரெஸ்யூம் மென்பொருளும்

போன வாரம் ஈரோட்டிலிருந்து அக்கா போன் செய்தார். பழைய கம்பெனியில் நான் கணக்குப் பிரிவில் இருந்தபோது அவர் ஸ்டோர்ஸில் இருந்தார். "அந்த ரெஸ்யூம் மென்பொருளுக்குச் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்களாம். நீ நான்கு வருஷமாக வைத்திருக்கிறாயே, வாங்கலாமா கண்ணு?" என்று கேட்டார். "வேண்டாம் அக்கா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனம் ஒப்பவில்லை. இன்றைய வேலை எனக்குக் கிடைத்ததில் அந்த மென்பொருளுக்கும் பங்கு உண்டு. அதனால் நிதானமாக எழுதுகிறேன். மாதிரிப் படிவங்கள், எழுத்துருக்கள், பிடிஎஃப் எல்லாம் எங்கும் கிடைப்பவைதான். சொற்கள் விஷயத்தில் அது என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "ஜிஎஸ்டி பார்க்கிறேன், பேங்க் பார்க்கிறேன், சம்பளம் பார்க்கிறேன்" என்போம். பேச்சுக்கு அது போதும். அதே துறையில் இருப்பவர் மீதியைத் தானாகப் புரிந்துகொள்வார். ரெஸ்யூமில் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் அந்தப் 'பார்க்கிறேன்' அப்படியே 'ரெஸ்பான்சிபிள் ஃபார்' ஆகிவிடுகிறது. என் பழைய ரெஸ்யூமில் அது ஏழு இடங்களில் இருந்தது. மேலே 'ஹார்ட் ஒர்க்கிங்', 'டீம் பிளேயர்'. கீழே, மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி. முழுவதும் படித்தாலும், காலை ஒன்பதரை மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து நான் என்ன செய்தேன் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த மென்பொருளில் ஒவ்வொரு வரிக்கும் கீழே சின்னதாக ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கிறது. எத்தனை, எவ்வளவு நாளில் என்று இரண்டே கேள்விகள். 'ரெஸ்பான்சிபிள் ஃபார் ஜிஎஸ்டி ஒர்க்' என்ற வரிக்குக் கீழே அதற்குப் பதில் எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வரும், அதாவது சப்ளையர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்களின் பட்டியல். 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக்கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நடுவில் இருக்கிற ஆறு நாளில், எங்கள் கொள்முதல் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பில்லும் 2பியில் ஏறியிருக்கிறதா என்று ஒத்துப்பார்ப்பேன். ஏறாத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியை நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. 2022 ஜனவரியிலிருந்து சட்டமே அப்படித்தான். ஆகவே விடுபட்டவர்களைப் போனில் அழைத்து, பில்லை ஏற்ற வைக்க வேண்டும். அப்படி மாதம் சுமார் 140 சப்ளையர்கள்.

இத்தனையும் எழுதிய பிறகு சொல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை. 'ரீகன்சைல்டு', 'ஃபாலோடு அப்', 'ஃபைல்டு' மூன்றும் தானாக வந்து விழுந்தன. மூன்றும் எங்கள் அலுவலகத்தில் தினமும் புழங்குகிற சொற்கள். ஐந்து ஆண்டு நான் செய்த வேலையை எண்களோடு ஒரு வரியில் பார்த்தபோது உண்மையிலேயே கண் கலங்கியது. அந்தப் பெட்டியை யோசித்துச் செய்தவருக்கு என் நன்றி.

ஆனால் அதே மென்பொருள் அந்த வரியை என்னிடம் விட்டுவைப்பதில்லை. 'ஃபைல்டு' என்று எழுதினால் உடனே அடியில் மஞ்சள் கோடு போடுகிறது. 'வலுவில்லாத வினைச்சொல்' என்கிறது. 'ஸ்பியர்ஹெடட்' (முன்னின்று நடத்தினேன்) போடு, 'ஆர்கெஸ்ட்ரேட்டட்' (பலரை ஒருங்கிணைத்து நடத்தினேன்) போடு என்கிறது. போட்டால் நூற்றுக்கு இவ்வளவு என்ற மதிப்பெண் ஏறுகிறது. பழையபடி மாற்றினால் இறங்குகிறது. வரிக்கணக்கை ஃபைல் செய்யாமல் வேறென்ன செய்வது? வேலை விளம்பரத்தில் 'ஜிஎஸ்டி ஃபைலிங்', 'ரீகன்சிலியேஷன்' என்றுதான் கேட்கிறார்கள். விண்ணப்பங்களை வடிகட்டுபவர்களும் அந்தச் சொற்களைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். மதிப்பெண்ணை நம்பி அவற்றை அழித்தால் தேடலில் நம் பெயரே வராமல் போகலாம். நான்கு ஆண்டில் எத்தனை முறை அணைத்து வைத்தாலும், ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பிறகும் அந்த மஞ்சள் கோடு திரும்ப வந்து நிற்கிறது.

இரண்டாம் ஆண்டில் ஒரு நூற்பாலைக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன். மதிப்பெண் 91 வரட்டும் என்று அந்த ஒரு வரியில் 'ஸ்பியர்ஹெடட்' என்பதை ஏற்றுக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த வயதான ஆடிட்டர் பேனா முனையை அந்தச் சொல்லின் மேல் வைத்தார். "உங்களுக்குக் கீழே எத்தனை பேர் இருந்தார்கள்?" "யாரும் இல்லை சார், நான் மட்டும்தான்." அவர் கோபப்படவில்லை. பேனாவை எடுக்கவும் இல்லை. "அப்படியானால் செய்ததை எழுதியிருக்கலாமே அம்மா" என்றார். அதற்குப் பிறகு நான் 2பி பற்றி எவ்வளவு விளக்கமாகச் சொல்லியும் அவர் முகம் மாறவில்லை. 140 என்ற எண்ணையும் அவர் நம்பியிருக்க மாட்டார் என்பதுதான் எனக்கு வலித்தது. அது முழுக்க உண்மை. பக்கத்தில் நின்ற ஒரு பெரிய சொல் அதையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

இப்போது நான் முதலில் தமிழில் எழுதிக்கொள்கிறேன், 'பார்த்தேன்' என்ற சொல்லே இல்லாமல். ஒத்துப்பார்த்தேன், தாக்கல் செய்தேன், நிலுவையைக் கேட்டு வாங்கினேன், தவறைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். வினை தெளிந்துவிட்டால் அதற்கு ஆங்கிலம் கிடைப்பது எளிது. கிடைத்த சொல்லை வைத்து நேர்காணலில் அடுத்த கேள்வி கேட்டால் இரண்டு நிமிடம் பேச முடியுமா என்று யோசிப்பேன். முடியாவிட்டால் எடுத்துவிடுவேன். இப்போதைய வேலைக்கு அனுப்பிய ரெஸ்யூமுக்கு அந்த மென்பொருள் கொடுத்த மதிப்பெண் 58.

பெட்டிக்காக நான்கு நட்சத்திரம் கொடுக்கலாம். ஆனாலும் பாதி விலைக்கும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் சந்தா மார்ச் வரை இருக்கிறது, அதன் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை. அக்காவுக்கு நேற்று இரவு மீண்டும் போன் செய்தேன். "ஸ்டோர்ஸ் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, ஒரு நாளைக்கு எத்தனை இண்டென்ட் வரும்? சரக்கு இருப்பை எத்தனை நாளைக்கு ஒரு முறை எண்ணுவீர்கள்?" என்று கேட்டேன். இண்டென்ட் என்றால் மற்றப் பிரிவுகள் ஸ்டோர்ஸில் பொருள் கேட்டு அனுப்பும் சீட்டு. அக்கா மேலே ஒன்றும் கேட்காமல் எண்களைச் சொல்ல ஆரம்பித்தார். நான் பேப்பரில் குறித்துக்கொண்டேன்.