பழைய பைப்: உப்பா, பஞ்சா, ஆவியா?

புகை பிடிக்கும் பழைய பைப் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் வெளிப்புறத்தைத் தேய்க்கத்தான் உட்காருவார்கள். மெழுகு போட்டுத் துணியால் நாலு தேய் தேய்த்தால் எந்த மரமும் மின்னும். முன்பு பிடித்தவரின் புகையிலை வாடை உள்ளே குடியிருக்கிறதே, பாடெல்லாம் அதோடுதான்.

பெரும்பாலான பைப்புகள் பிரையர். மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதரின் அடிமுண்டு அது. சூடு தாங்கும், ஆனால் புகையிலைத் தாரையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் முதல் வேலை, புகையிலை போடும் கிண்ணத்துக்குள் படிந்த கரிப் பொருக்கைக் குறைப்பது. முழுக்கச் சுரண்ட வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விட்டால் மரத்துக்குக் காப்பு. தடித்துப் போனால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடும். கத்தியால் சுரண்டுவோர் உண்டு, எனக்குப் பிடிக்காது. வட்டக் குழி கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிப்போகும். குழியைச் சீராகச் சுரண்டும் ரீமர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உருண்டைக் குச்சியில் மணல்தாளைச் சுற்றித் தேய்த்தாலே போதும்.

சரி, வாடைக்கு வருவோம். வழிகள் மூன்று.

உப்பு வைத்தியம்தான் பழையது, பேர்பெற்றது. கிண்ணம் நிறையக் கல்லுப்பைப் போட்டு, சொட்டுச் சொட்டாக ஆல்கஹால் விட்டு, ராத்திரி முழுக்க வைத்துவிடுவது. காலையில் உப்பு காப்பிப் பொடி நிறத்துக்கு வந்திருக்கும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் தண்டுத் துளைக்குள் ஒரு மணி உப்பு இறங்கினாலும் தொல்லை. உள்ளே இறுகித் தண்டை விரிசல் விட வைக்கும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எவ்வளவு நிஜமோ, உப்பைத் தோண்டி எடுக்கும் எரிச்சல் நிஜம்.

உப்புக்குப் பதில் பஞ்சு. வேலை அதேதான்: ஆல்கஹால் தாரைக் கரைக்கிறது, காயக் காய அது பஞ்சுக்கு ஏறுகிறது. தண்டுக்குள்ளும் பஞ்சைத் திரித்துச் செருகலாம், முடிந்ததும் ஒரே இழுப்பில் வந்துவிடும். முரட்டு வாடைக்கு இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான் குறை. என் ஓட்டு இதற்கு.

மூன்றாவது ரிடார்ட். சோதனைக் குழாயில் ஆல்கஹாலை ஊற்றி, ரப்பர் குழாயால் பைப்பின் வாய்ப்பக்கம் இணைத்து, கிண்ணத்தைப் பஞ்சால் அடைத்துச் சூடு காட்டுவது. ஆவி உள்ளே போய்வரும். சூட்டை விலக்கினால் திரவம் பழுப்பாகத் திரும்பி இறங்கும். மூன்றிலும் ஆழமாகச் சுத்தம் செய்வது இதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஆல்கஹாலும் நெருப்பும் பக்கத்துப் பக்கத்தில். சமையலறை மேடையில் வைத்துச் செய்கிற காரியமில்லை.

எதுவானாலும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் வாங்குங்கள். 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், மரம் ஊதும், காயவும் தாமதமாகும். மெத்தனால் கலந்த ஸ்பிரிட் விஷம், தொடவே வேண்டாம். ஃபேன்சி ஸ்டோரில் விற்கும் கலர் பைப் கிளீனர்களும் உதவாது. அவை கைவேலைக்கான செயற்கை இழை, எதையும் உறிஞ்சாது. அப்புறம், மீர்ஷாம் என்ற மென்மையான வெள்ளைக் கனிமத்தில் செதுக்கிய பைப்புக்கு இந்த மூன்றுமே கூடாது.

வாயில் வைக்கும் பகுதி வேறு கதை. வல்கனைட் என்றால் ரப்பரும் கந்தகமும் சேர்த்து இறுக்கியது. வெயில் பட்டுப் பட்டுப் பச்சை கலந்த பழுப்பாகும், நாக்கில் கசக்கும். பிளீச்சில் போட்டால் நிறம் சீக்கிரம் போகும், ஆனால் மேற்பரப்பு சொரசொரவென்று குழிவிழும். பிறகு இரண்டு மடங்கு தேய்க்க வேண்டும். சோடியம் பெர்கார்பனேட் உள்ள கறைநீக்கிப் பொடியை வெந்நீரில் கரைத்து அதில் ஊறவைப்பது சாது வழி. பழுப்பு இளகி மேலே வரும், மெலமைன் ஸ்பாஞ்சால் தேய்த்து எடுத்துவிட்டு, ஈரமான நுண் மணல்தாள்களால் மெருகேற்றலாம். கம்பெனிச் சின்னத்தின் மேல் முதலில் வாசலைன் தடவுங்கள். அக்ரிலிக்கில் செய்த வாய்ப்பகுதிக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. ஆனால் ஆல்கஹால் பட்டால் அதில் மயிரிழை விரிசல் விழும்.

மணல்தாள் மரத்தின் வெளிப்பக்கம் போகவே கூடாது. என் முதல் பைப்பில் தண்டு வரைக்கும் தேய்த்துக்கொண்டே போனேன், முத்திரை பாதி காணாமல் போனது. பேர்பெற்ற டன்ஹில் கம்பெனியின் பைப்பாக இருந்திருந்தால் அழுதிருப்பேன். ‘மேட் இன் இங்கிலாந்து’ முத்திரையை ஒட்டிய குட்டி எண்ணை வைத்துத்தான் அவை செய்யப்பட்ட வருடத்தைக் கணிக்கிறார்கள்.

கடைசி மெருகுக்குக் கார்னாபா மெழுகு. ஆலிவ் எண்ணெய் தடவச் சொல்பவர்களும் உண்டு. நான் தடவ மாட்டேன். எண்ணெய் சிக்குப் பிடித்தால் மறுபடி வாடை.