ரசச் சொம்பைப் பத்தவைக்கக் கொடுக்கிறீர்களா? 'எந்த ஈயம்' என்று கேளுங்கள்

மாம்பலத்தில் எங்கள் வீட்டில் ரசம் என்றால் ஈயச் சொம்பில் வைத்த ரசம்தான். அப்பாவைப் பெற்ற பாட்டி கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த சொம்பு. கழுத்தில் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கும், பாதி தேய்ந்து போய்.

போன மார்கழியில் அதை ஓட்டையாக்கிய புண்ணியவான் நானேதான். புளித்தண்ணீரை ஊற்றாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு, அடித்த போனை எடுக்கப் போனேன். ஈயச் சொம்பு என்றாலும் அது வெள்ளீயத்தில் (tin) செய்தது; வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு நூறைச் சுற்றியே நிற்கும், சொம்பு பிழைக்கும். வெறுமனே வைத்தால் கேஸ் தீக்கு அது மெழுகு. திரும்பி வந்தால் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை, பர்னர் மேல் பளபளவென்று ஒரு சொட்டு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் பாத்திரம் பத்தவைக்கும் கடை இருப்பதாகச் சொன்னார்கள். கொண்டுபோனேன். "தினமும் ரசம் வைக்கிற சொம்பு, சுத்தமான ஈயம் வச்சுத்தானே அடைப்பீங்க?" என்று கேட்டேன். "ஈயம்தான் சார், வேற எத வெப்போம்?" என்றார். 450 ரூபாய். ஒரு துண்டுச் சீட்டில் 'ஈயம் பத்த' என்று கிறுக்கிக் கொடுத்தார். கடைப் பெயர், தேதி எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் சொம்பு வந்தது. வேலை அழகாகத்தான் இருந்தது, ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. பதினோரு நாள் ரசம் வைத்தோம். அதற்குள் அடியில் அந்த வட்டம் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. புளி பட்டால் அப்படித்தான் ஆகும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் சாப்பிட வந்தான். டிவி சர்வீஸ் செய்பவன். கழுவிக் கவிழ்த்திருந்த சொம்பைக் கையில் எடுத்துப் பார்த்தவன், "மாமா, இது ரிச்சி தெருவுல நாங்க வாங்குற லெட் மாதிரி இருக்கே" என்றான். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்த வட்டத்தின் மேல் அழுத்தித் தேய்த்தான். பென்சிலால் கிழித்த மாதிரி சாம்பல் நிறக் கோடு. சொம்பின் வயிற்றில் தேய்த்தால் தாளில் ஒன்றும் விழவில்லை.

அவன் விளக்கிய பிறகுதான் புரிந்தது. டிவி, ரேடியோ பற்றவைக்கும் அந்த லெட் கம்பியில் வழக்கமாக 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் (lead). இரண்டும் கலந்தால் 190 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், அதாவது சொம்பு உருகுவதற்கு முன்னால். கடைக்காரருக்கு அதுதான் சௌகரியம். வெள்ளீயத்தை வெள்ளீயத்தாலேயே அடைக்கப் போனால் ஒட்டும் உருகும், சொம்பும் உருகும். கை பழகியவர்தான் செய்ய முடியும். விலையும் ஒரு காரணம். காரீயத்தைவிட வெள்ளீயம் பத்து மடங்குக்கு மேல் விலை.

மனசு கேட்காமல் கிண்டி தொழிற்பேட்டையில் ஓர் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தேன். சொம்பில் அநேகமாக முழுக்க வெள்ளீயம். ஒட்டில் 38 சதவீதம் காரீயம். புளியும் தக்காளியும் கொதிக்கிற பாத்திரத்தில்! காரீயம் புளிப்பில் கரையும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடம்பு அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவுவரை பரவாயில்லை என்று ஓர் எல்லையே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பெண் இருக்கிறாள், ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடிக்கிறவள். ரத்தப் பரிசோதனை செய்தோம். பயப்படும்படி இல்லை, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்ப்போம் என்றார் டாக்டர். ரிப்போர்ட் வருகிறவரை நான் தூங்கியது எனக்குத்தான் தெரியும்.

கடைக்குத் திரும்பப் போனேன். மனிதர் அசரவே இல்லை. "ஈயம்னு கேட்டீங்க, ஈயம் வெச்சேன். காரீயமும் ஈயம்தானே சார்?"

பதில் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் வார்த்தைக்கு வார்த்தை அது சரி. நம் பேச்சில் வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். பல வீடுகளில் அலுமினியச் சட்டிகூட ஈயச் சட்டிதான். 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவி வந்தவரிடம் நாம் போட்டதெல்லாம் பெரும்பாலும் அலுமினியம். அவருக்கு எது எதுவென்று தெரியும், நமக்குத்தான் தெரியாது. இந்தக் கடைக்காரருக்கும் தெரியும்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். என் கையில் இருந்ததோ அந்தத் துண்டுச் சீட்டு. அதில் எழுதியிருப்பதும் 'ஈயம்'தான்! அதனால் கொடுக்கும்போதே 'வெள்ளீயம்' என்ற சொல்லைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், கடைப் பெயரோடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கொடுத்தாலும் இதே கதைதான். ஏற்கெனவே ஒட்டுப்போட்ட சொம்பு வீட்டில் இருந்தால் வெள்ளைத் தாளில் ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள். கோடு விழுந்தால் அதில் ரசம் வேண்டாம். விழாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கே கொடுத்துவிடுங்கள், தாளை மட்டும் நம்ப வேண்டாம்.

எங்கள் சொம்பு இப்போது அலமாரியில் இருக்கிறது. அந்த ஒட்டைச் சுற்றி வெட்டி எடுத்துவிட்டு வெள்ளீயத்தாலேயே அடைத்துத் தர முடியும் என்று இன்னொரு பட்டறைக்காரர் சொன்னார். அதைச் சீட்டில் எழுதித் தாருங்கள் என்றதும், யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதுவரை ரசம் எவர்சில்வரில்.