வைல்ட்கேட், பல்சர், இம்பாக்ட், கிரிக்கெட்: நாலு புல்பப், ஒரே கன்னம்

நாலு புல்பப் ஏர் ரைஃபிளை ஒப்பிடும் இந்தக் குறிப்பில் துல்லியம் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சுடுவது இங்கிலாந்தில். இங்கே லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைஃபிளின் சக்தி 12 அடி-பவுண்டைத் தாண்டக்கூடாது, அதாவது பதினாறே கால் ஜூல். இந்த சக்தியில், 30 மீட்டரில், பெல்லட் அந்தக் குழலுக்குப் பிடித்துப்போய்விட்டால் இந்த நாலுமே ஐந்து ரவையை ஒரு நாணயத்தின் வட்டத்துக்குள் போட்டுவிடும். ஆளுக்கொரு அட்டையை ஓட்டை போட்டுப் படம் எடுத்துக் காட்டுவதெல்லாம் அழகுதான், ஆனால் அதை வைத்து எதை வாங்குவது என்று முடிவு செய்ய முடியாது. துப்பாக்கி கன்னத்தில் எங்கே படுகிறது, அடுத்த ரவையை ஏற்றும் லிவர் எங்கே இருக்கிறது, ட்ரிகர் விரலுக்கு என்ன சொல்கிறது, இதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

புல்பப் என்றால் பெல்லட் உள்ளே போகும் இடமும் மேகசினும் காற்றை விடும் வால்வும் ட்ரிகருக்குப் பின்னால், நம் தாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். குழல் நீளம் குறையாமல் மொத்த நீளம் மட்டும் 70, 80 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். சாதாரண ரைஃபிள் ஒரு மீட்டரைத் தாண்டும். தானியக் கொட்டகையில் எலிக்காகக் காத்திருக்கும்போதும், டிராக்டர் நிற்கும் சந்துக்குள் நாம் திரும்பும்போதும் அந்த முப்பது சென்டிமீட்டர் எவ்வளவு பெரிது என்று தெரியும். அந்தக் கொட்டகைக்குச் சொந்தக்கார விவசாயி என் துப்பாக்கியின் விலையைக் கேட்டுவிட்டு, இந்தக் காசுக்கு எத்தனை எலிப்பொறி வாங்கலாம் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். நியாயமான கணக்குதான்.

நான் அதிகம் தூக்கி நடந்தது எஃப்எக்ஸ் வைல்ட்கேட். ஸ்வீடனில் மரியஸ்டாட் ஊரில் செய்வது. மார்க் 3 மூன்று கிலோவுக்குக் கீழேதான், ஸ்கோப் மாட்டினால் கொஞ்சம் ஏறும். அதன் பெரிய குணம் லிவர் முன்னால், ட்ரிகருக்கு மேல்பக்கமாக இருப்பது. தோளிலிருந்து எடுக்காமல், கன்னத்தை நகர்த்தாமல், ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே அடுத்த ரவையை ஏற்றிவிடலாம். கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் முதல் எலி விழுந்ததும் இரண்டாவது எலி அரை நொடி திகைத்து நிற்கும் பாருங்கள், அப்போது தலையைத் தூக்கி, லிவரைத் தேடி, திரும்பக் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தால் அது போயே போய்விடும். 0.22ல் (அங்குலத்தில் குழலின் அளவு, ஐந்தரை மில்லிமீட்டர்) மேகசின் 18 பெல்லட் பிடிக்கும், ராத்திரி வேலைக்கு அது தாராளம்.

பழைய கிரிக்கெட்டில் இதற்கு நேர் எதிர். செக் நாட்டுக் கலிப்ர்கன் செய்வது, மேகசினை ஸ்டாக்கிலேயே செருகி வைக்க இடமும் விட்டிருப்பார்கள், கட்டிப்போட்ட மாதிரி உறுதி. ஆனால் லிவர் பின்னால், முகத்துக்குப் பக்கத்தில். ஒவ்வொரு முறையும் தலை தூக்க வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் புறாவோ முயலோ பார்ப்பவருக்கு இது பொருட்டே இல்லை. பத்து வருஷம் அதையே வைத்திருப்பவர்கள் மாற்ற மாட்டேன் என்கிறார்கள், கை பழகிவிட்டால் அப்படித்தான். அதில் இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

டேஸ்டேட் பல்சர் வேறு ஜாதி. ஸ்டாஃபோர்ட்ஷரில் ஸ்டோன் என்ற சிறு ஊரிலிருந்து வருவது. புல்பப்பின் பிறவிக் குறையே ட்ரிகர்தான். ட்ரிகர் முன்னால், வால்வைத் தட்டும் சுத்தியைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி பின்னால், நடுவில் ஒரு நீளக் கம்பி. அந்தக் கம்பி எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் விரலுக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு தரகர் மாதிரிதான். பல்சர் அந்தத் தரகரையே வெளியே அனுப்பிவிட்டது. ட்ரிகர் ஒரு மின் சுவிட்ச், பின்னால் சோலினாய்டு (மின்சாரம் பாய்ந்தால் தள்ளும் காந்தச் சுருள்) வால்வைத் தட்டும், கம்பிக்குப் பதில் ஒயர். சுத்தி ஸ்பிரிங்கை இழுக்க வேண்டியதில்லை என்பதால் லிவரும் வெண்ணெய் மாதிரி நகரும். நண்பர் ஒருவரின் பல்சரில் மேஜை மேல் வைத்து ஐம்பது ரவை சுட்டேன், இப்படி ஒரு ட்ரிகர் என் துப்பாக்கிகள் எதிலும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரமாக ஒரு மணி நேரம் நடந்தேன். நாலு கிலோவை நெருங்கும் எடை, ஸ்கோப் தனி. எடையெல்லாம் தோள்பக்கம் இருப்பதால் பிடித்துக் குறி பார்க்கும்போது அவ்வளவாகத் தெரியாது, நடக்கும்போது தெரியும். பேட்டரி இன்னொன்று. அது திடீரென்று ஒன்றும் கைவிடாது, ஆனால் சிலிண்டரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதோடு சார்ஜும் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். போன் சார்ஜையே மறப்பவன் நான்.

இனி எந்தக் கம்பெனி புல்பப் ஆனாலும் தப்பாத ஒரு சங்கதி, முதல் மாதம் என்னை அழவைத்தது. புல்பப்பில் முகத்தை வைக்கும் இடம் குழலுக்கு மேலே உயர்ந்திருப்பதால் ஸ்கோப்பையும் உயர்த்தி மாட்ட வேண்டும். என்னுடையதில் குழலின் நடுவிலிருந்து ஸ்கோப்பின் நடுவுக்கு ஏழரை சென்டிமீட்டர். சாதாரண ரைஃபிளில் இது நாலு இருக்கும். 0.22ல் 27 மீட்டருக்கு ஜீரோ செய்துவிட்டு, அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே ரவை படும்படி ஸ்கோப்பைத் திருத்திவிட்டு, கொட்டகைக்குப் போனேன், 5 மீட்டரில் எலி, நேராகத் தலையில் குறி வைத்தேன், ரவை அதற்குக் கீழே மரத்தில். மறுபடியும் அதே. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் திருகாணி எல்லாம் இறுக்கினேன். விஷயம் வெறும் கணக்கு. அந்த உயரத்தில், அந்த ஜீரோவில், 5 மீட்டரில் ரவை பார்வைக் கோட்டுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் கீழேதான் போகும், ஏனென்றால் கோட்டைத் தொடும் அளவுக்கு அது இன்னும் ஏறியிருக்காது. தாழ்வாக ஸ்கோப் மாட்டிய சாதாரண ரைஃபிளில் இதே தூரத்தில் ஒரு சென்டிமீட்டர்தான் குறையும், எலித் தலைக்கு அது போதும். அதனால் புல்பப் வாங்கினால் தூரத்து அட்டைக்கு முன் கிட்டத்து அட்டையைச் சுட்டுப் பாருங்கள். 5, 8, 12 மீட்டரில் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் எழுதி ஸ்டாக்கில் ஒட்டி வையுங்கள். என்னுடையது இன்னும் ஒட்டியிருக்கிறது, எழுத்துதான் பாதி அழிந்துவிட்டது.

எஃப்எக்ஸ் இம்பாக்ட் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. ரவை அளவை (0.177, 0.22 மாதிரி) மாற்றலாம், குழலுக்குள் இருக்கும் மெல்லிய லைனரை உருவி வேறு போடலாம், ரெகுலேட்டர் (சிலிண்டரிலிருந்து வரும் காற்றை ஒரே அழுத்தத்தில் நிறுத்தும் பாகம்) அழுத்தம், சுத்தி ஸ்பிரிங், வால்வு எல்லாவற்றுக்கும் வெளியிலேயே திருகு. எம்3ல் ரெகுலேட்டரே இரண்டு. அமெரிக்காவில் நூறு கஜம் சுடுபவர்களுக்கு, ஒவ்வொரு பெல்லட்டுக்கும் தனி டியூன் தேடுபவர்களுக்கு, இதை விட்டால் வேறில்லை என்று அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் 12க்குள் வைத்துச் சுடுபவனுக்கு அந்தத் திருகுகள் பாதிக்கு மேல் வேலையில்லாதவை, சில சமயம் வம்பும்கூட. திருப்பிய திருப்பில் 12ஐத் தாண்டிவிட்டால் அது சட்டப்படி லைசென்ஸ் வேண்டிய ஆயுதம், தெரியாமல் தாண்டியது என்பது சாக்கு ஆகாது. இம்பாக்ட் வைத்திருந்தால் வேகம் அளக்கும் கருவி கட்டாயம், 15.89 கிரெய்ன் எடையுள்ள 0.22 ரவை விநாடிக்கு 583 அடியைத் தொட்டாலே கோடு வந்துவிட்டது என்று அர்த்தம். என் கணிப்பில் இம்பாக்ட் வாங்குபவர்களில் ஒரு பாதி சுடுவதைவிடத் திருகுவதை ரசிப்பவர்கள். தப்பில்லை, ரேடியோவைக் கழற்றிப் பூட்டும் மாமா எல்லார் வீட்டிலும் உண்டு.

பழையது வாங்குவதாக இருந்தால் ஒன்று. நான் வாங்கிய ஒரு பழைய புல்பப்பில் (பெயர் வேண்டாம், ரெகுலேட்டர் உள்ள எதற்கும் வரக்கூடியதுதான்) காலையில் முதல் ரவை மட்டும் தாழ்வாகப் போகும், இரண்டாவதிலிருந்து சரி. ரெகுலேட்டர் ராத்திரியெல்லாம் மெல்லக் கசிந்து அழுத்தம் ஏறியிருக்கும், அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுத்தியால் வால்வை முழுசாகத் திறக்க முடியாமல் முதல் ரவை மெதுவாகப் போகும். கடையில் அரை மணி நேரம் சுட்டுப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. காற்று ஏற்றி ஒரு ராத்திரி வைத்திருந்து மறுநாள் அளந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் விலையில் பேசிக்கொள்ளலாம்.

சத்தமும் உண்டு. வால்வு காதுக்குப் பக்கத்தில் என்பதால், சைலென்சர் மாட்டியிருந்தாலும் சுடுபவருக்கு மட்டும் டங் என்று கேட்கும். பத்தடி தள்ளி நிற்பவருக்கு அவ்வளவாகக் கேட்காது. பல்சரில் அது காய்ந்த ஒரு டிக்.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு: இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூல் சக்தியையோ 4.5 மில்லிமீட்டர் அளவையோ தாண்டினால் லைசென்ஸ் வேண்டும், ஆகவே மேலே சொன்ன 0.22 எல்லாம் அதில் மாட்டும். ஸ்காட்லாந்தில் 2016 கடைசி நாளிலிருந்து 12 அடி-பவுண்டுக்குக் கீழே இருந்தாலும் சான்றிதழ் வேண்டும்.

நடந்து திரிந்து எலி, முயல் என்றால் வைல்ட்கேட், இதில் எனக்குச் சந்தேகமில்லை. உட்கார்ந்து அட்டையும் முயலும் என்றால் பல்சர், கை வலி இல்லாதவராக இருந்தால். மலிவாக நல்ல நிலையில் கிரிக்கெட் கிடைத்தால் விடாதீர்கள். எதுவானாலும் கடையில் கண்ணை மூடிக்கொண்டு தோளில் தூக்கி, கன்னத்தை அது போய் உட்காரும் இடத்திலேயே விட்டுவிட்டு, அப்புறம் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் வட்டம் முழுசாகத் தெரிந்தால் அது உங்கள் துப்பாக்கி. கழுத்தை நீட்டியோ தாடையைத் தூக்கியோ வட்டத்தைத் தேட வேண்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐந்து முறை இப்படிச் செய்தால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.