வீட்டுக்கே வந்து நாய்க்கு ஊசி போடுகிறவரா? முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள்

தென்சென்னைப் பக்கம் அபார்ட்மென்ட்களில் நாய், பூனை வளர்க்கிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எங்கள் வீட்டு நாய்க்குட்டி வீரா போன மாதம் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து இறந்துபோனான். நான்கு மாதம்கூட நிறையவில்லை. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று என்று முத்திரை குத்திய புத்தகம் கையில் இருக்கிறது. அந்த ஊசிகளைப் போட்டவர் கால்நடை மருத்துவரே இல்லை. அவருடைய போன் நம்பர் இன்னும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஏரியாவில் நாய்த் தீனி, பெல்ட், ஷாம்பு விற்கும் கடை ஒன்று உண்டு. வாசலிலேயே ‘கால்நடை மருத்துவ ஆலோசனை’ என்று போர்டு. குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், டாக்டர் வீட்டுக்கே வருவார் என்றார்கள். வந்தார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், பொறுமையான பேச்சு. சட்டைப்பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே ஏற்கெனவே மருந்து ஏற்றிய சிரிஞ்ச். “பாட்டில் எங்கே சார்?” என்று கேட்டேன். “கடையிலயே கலந்து, ஐஸ்ல வெச்சுக் கொண்டுவந்துட்டேன் மேடம். இங்க வெயில்ல கலந்தா பவர் போயிடும்” என்றார். ஊசிக்கு 900 ரூபாய். புத்தகத்தில் தேதி எழுதி, ஊதா மையில் ஒரு முத்திரை குத்தி, பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக் கையெழுத்தும் போட்டார். ‘செவன் இன் ஒன்’ என்ற கூட்டு ஊசி இரண்டு முறை, மூன்றாம் மாதத்தில் ரேபிஸ் ஊசி. ஒவ்வொரு முறையும் இதே கவர், இதே பதில்.

உண்மையான ஊசி எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்குச் சேர்த்துப் போடும் அந்தக் கூட்டு ஊசி இரண்டு குட்டி பாட்டில்களாக வரும். ஒன்றின் அடியில் வெள்ளைக் கட்டியாக உலர்ந்த மருந்து, இன்னொன்றில் அதைக் கரைக்கும் திரவம். போடுவதற்குச் சற்று முன்னால் நம் கண்ணெதிரே கலக்க வேண்டும். அதுவரை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். பாட்டிலில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட லேபிள் இருக்கும். அதை உரித்துத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டிவிட்டு, பக்கத்தில் மருத்துவர் தன் பெயர், பட்டம், பதிவு எண்ணோடு கையெழுத்திடுவார். வீராவின் புத்தகத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கட்டங்கள் எல்லாம் வெறுமை. அந்த ஊதா முத்திரை மட்டும்தான்.

இதைவிட எனக்கு ஆறாதது அப்புறம் நடந்தது. ஒருநாள் காலையில் வீரா சாப்பிடவில்லை, நுரையாக வாந்தி எடுத்தான். கூப்பிட்டதும் அதே ஆள் வந்தார். “பார்வோவா இருக்குமா?” என்றேன். “ஊசி போட்ட குட்டிக்கு எப்படி மேடம் வரும்? வயித்துல ஏதோ சேரல” என்றார். ஏதோ இரண்டு ஊசி போட்டு, கல்லீரல் டானிக் ஒன்றைக் கையில் கொடுத்தார். என்ன மருந்து என்று ஒரு சீட்டில்கூட எழுதித் தரவில்லை. மறுநாளும் அதையே செய்தார். அன்று இரவு ரத்தமாகப் பேதி போக ஆரம்பித்தது. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, திரவத்தில் கலந்து, ஒரு கிட்டில் சில சொட்டுகள் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கோடு. பார்வோ. பத்து நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையை அந்த ஆள் செய்யவே இல்லை. பார்வோ கிருமியை நேரடியாகக் கொல்கிற மருந்து எதுவும் வழக்கத்தில் இல்லை. உடம்பே அதை எதிர்த்து மீளும்வரை டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, ஆன்டிபயாடிக் கொடுத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதனால்தான் முதல் நாளே ஆரம்பிப்பது அவ்வளவு முக்கியம். வீராவுக்கு அந்த முதல் நாட்கள் டானிக்கிலேயே போய்விட்டன. அவனைக் காப்பாற்ற முடியவில்லை.

அங்கே இருந்த மருத்துவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகத்தான் பேசினார். “நல்ல ஊசி போட்ட குட்டிக்கும் அபூர்வமா பார்வோ வரலாம்மா, அதை மட்டும் வெச்சு ஊசி போலின்னு சொல்ல முடியாது. ஆனா இந்தப் புத்தகத்துல போட்டதுக்கான ஆதாரமே இல்ல” என்றார். இன்னொன்றும் சொன்னார். தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கு வந்த எதிர்ப்புச் சக்தி, சின்ன வயதில் போடும் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கும். அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் மூன்று, நான்கு வார இடைவெளியில் 16 வார வயதுவரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். வீராவுக்கு இரண்டாவது ஊசி பத்து வார வயதுக்கு முன்பே. அதோடு ‘கோர்ஸ் முடிந்தது’ என்று எழுதியிருந்தார் அந்த ஆள். அசல் மருந்தே போட்டிருந்தாலும் அது போதாது.

பிறகு அந்த மருத்துவர் கேட்டது எங்களை உலுக்கிவிட்டது. “வீட்ல யாரையாவது கடிச்சானா?” உடம்புக்கு முடியாமல் போவதற்கு ஓரிரு நாள் முன்புதான் விளையாடும்போது என் மகள் கையில் பல் பட்டுக் கீறியிருந்தது. நாய் இறந்துவிட்டது, ரேபிஸ் இருக்கிறதா என்று இனிப் பத்து நாள் வைத்துக் கண்காணிக்க வழியில்லை. ரேபிஸ் ஊசி போட்டதற்கும் ஆதாரம் இல்லை. குழந்தைக்கு உடனே ஊசியை ஆரம்பியுங்கள் என்றார். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள், போட்டு முடித்தோம். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வெற்று முத்திரையை நம்பிக் குழந்தையின் கீறலைச் சோப்புப் போட்டுக் கழுவியதோடு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

விசாரிக்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக வந்தது. எதிர் பிளாக்கில் ஒரு பூனைக்குக் காய்ச்சல் என்று, மனிதர்களுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் இதே ஆள். பூனையின் உடம்பால் அந்த மருந்தைச் சரியாக முறிக்க முடியாது, அதற்கு அது விஷம். முகம் வீங்கி, ஈறு பழுப்பேறி, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வேறு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காப்பாற்றியிருக்கிறார்கள். கடைக்காரரை நேரில் கேட்டபோது, “அவர் முன்னாடி ஒரு கிளினிக்ல உதவியாளரா இருந்தவர், தொழில் நல்லா தெரியும்” என்றார். இப்போது போர்டை எடுத்துவிட்டார்கள். ஆள் போன் வழியாகத் தொழிலைத் தொடர்கிறார்.

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் இந்தச் சிகிச்சையைச் செய்யலாம். பட்டம் பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.எச்.; கூடவே மாநிலக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். கேட்டால் உண்மையான மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கடை மீது நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சேவை என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பில் தராவிட்டாலும் ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் உதவும், அழித்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். ஸ்டிக்கரும் பதிவு எண்ணும் இல்லையென்றால் பதிவு பெற்ற மருத்துவரிடம் காட்டி, ஊசியை மறுபடி போடுவது பற்றிக் கேளுங்கள். பார்வோ வந்த வீட்டில் கிருமி மாதக்கணக்கில் தங்கும். சாதாரண டெட்டால், பினாயில் போதாது, பிளீச்சிங் திரவத்தை ஒன்றுக்கு முப்பது பங்கு தண்ணீரில் கலந்து துடைக்கச் சொன்னார்கள். ஊசி முடியாத குட்டியை அங்கே கொண்டுபோகாதீர்கள். இதே மாதிரி சிரிஞ்சில் ஏற்றிக் கொண்டுவந்து உங்கள் வீட்டிலும் ஊசி போட்டிருந்தால், புத்தகத்தின் படத்தோடு எனக்குத் தனியாக எழுதுங்கள். புகாரில் சேர்த்துக்கொள்கிறோம்.