60/40 என்று நம்பி வாங்கிய சால்டர் ஈயம்: பெங்களூரு நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்ற மாதம் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில், நான் வழக்கமாக வாங்கும் 60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) சுருள் தீர்ந்துவிட்டதால், "இதுவும் 60/40தான் சார், எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று கடைக்காரர் தமிழிலேயே சொன்னதை நம்பி, மின்னணுப் பாகங்களைப் போர்டில் பற்றவைக்கும் சால்டர் ஈயம் 50 கிராம் வாங்கி வந்தேன். விடுமுறைக்கு அல்சூர் வந்திருந்த அக்கா மகளுக்கு எஃப்.எம். ரேடியோ கிட் ஒன்றைச் செய்துகாட்டும் அவசரத்தில் இருந்தேன்.

ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னை எப்போதும் போல 330 டிகிரியில் வைத்தேன். ஈயம் உருகியது, ஆனால் ரெசிஸ்டரின் காலைச் சுற்றிப் பரவாமல், சேம்பிலை மேல் நீரைப் போல உருண்டு நின்றது. ஈயம் உலோகத்தில் ஒட்டிப் பரவ உதவுவதற்காகச் சுருளின் உள்ளே இருக்க வேண்டிய ரோசின் ஃபிளக்ஸின் வாசனையே இல்லை. சூட்டை 400க்கு ஏற்றியது என் தவறு. போர்டின் இரண்டு செப்புத் தடங்கள் பெயர்ந்து வந்துவிட்டன. குழந்தையின் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பிறகு பழைய சுருளின் மிச்சத்தை அருகில் வைத்து உருக்கிப் பார்த்தேன். அது பளபளப்பாக உடனே இறுகியது. புதியது கூழ்போல நெடுநேரம் குழைந்து, சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக நின்றது. 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் உள்ள கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190க்குள் முழுதும் உருகிவிடும். விலை கூடிய வெள்ளீயத்தைக் குறைத்து அந்த விகிதத்தைத் தலைகீழாக்கினால், முழுதும் உருக ஏறத்தாழ 238 டிகிரி வேண்டும். இடைப்பட்ட சூட்டில் அது கூழாகவே இருப்பதால், ஆறும்போது கால் சற்று அசைந்தாலும் டிரை சால்டர்தான், அதாவது சரியாகப் பிடிக்காத இணைப்புதான். என் சுருளில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

எடையிலும் ஏமாற்றமே: பிளாஸ்டிக் உருளையோடு சேர்த்துத்தான் 50 கிராம் இருந்தது. திரும்பக் கொண்டுபோனபோது, பிரித்த பொருளை வாங்க மாட்டோம் என்று கூறிவிட்டார்கள்.

ஆகவே கலவை விகிதம், ஃபிளக்ஸின் வகை, நிகர எடை ஆகிய மூன்றும் உறையில் அச்சிடப்படாத சுருளை வாங்காதீர்கள். கைவேலைக்கு 63/37 கிடைத்தால் இன்னும் நல்லது. அது கூழாகாமல் 183 டிகிரியிலேயே உருகி, அங்கேயே இறுகும். குழாய் வேலைக்கான ஆசிட் ஃபிளக்ஸ் ஈயத்தைப் போர்டில் வைத்தால் நாளடைவில் செம்பை அரித்துவிடும். எந்தச் சுருளானாலும் காரீயம் உள்ளதைத் தொட்டபின், குழந்தைகள் உடனிருந்தால் அவர்களும், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டே சாப்பிட உட்காருங்கள்.